புதுப்பிப்பு: ஆல்பத் தாளோடு ஒட்டிய 1876 பிலடெல்பியா விளம்பர அட்டை

1876 பிலடெல்பியா கண்காட்சியின் மெமோரியல் ஹால் படமுள்ள கடை விளம்பர அட்டை அசலா, ஆல்பத் தாளிலிருந்து பிரிக்கலாமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன்.

அசல்தான். 10 மடங்கு லென்ஸில் குரோமோலித்தோ (கல்லிலிருந்து பல நிறங்களில் அச்சிடும் பழைய முறை) புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கின்றன. இக்கால ஆஃப்செட் மறுபதிப்பில் அவை சீரான வரிசையில் நிற்கும். கடைப்பெயர் மட்டும் கறுப்பில் தனி அச்சாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். படத்தை மொத்தமாக அடித்துவைத்து, வாங்கும் கடையின் பெயரைப் பிறகு சேர்ப்பது அன்றைய அச்சகங்களின் வழக்கம்.

பிரிக்கவில்லை. தண்ணீரில் மாவுப்பசை இளகும், சரி. ஆனால் பூச்சுள்ள அட்டையானால் பூச்சோடு மையும் உரிந்துவிடலாம். பின்பக்க வாசகம் தெரியாது, போகட்டும். சுற்றிலும் 5 மி.மீ. ஆல்பத் தாள் விட்டு வெட்டி, பாலியெஸ்டர் உறையில் வைத்தாயிற்று. பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கை வளையவைக்க அதில் சேர்த்திருக்கும் மென்மையாக்கி கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும்.