பந்தல்குடி கால்வாய் பற்றி ராப் பாடினால் ஏதாவது நடக்குமா?

செல்லூர்த்தறி கேட்டது:

வணக்கம். செல்லூரில் இருந்து எழுதுகிறேன். தெர்மாகோல் ஜோக் எதுவும் வேண்டாம், எங்கள் தெருக்காரர்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். பகலில் விசைத்தறி ஓட்டுகிறேன். ராத்திரி மொட்டை மாடியில் நானும் கூட்டாளிகள் இரண்டு பேரும் ராப் எழுதுகிறோம். போனில் பீட், இரவல் மைக், அவ்வளவுதான் எங்கள் ஸ்டுடியோ.

2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய் பொங்கி செல்லூர் வீடுகளுக்குள் வந்தது மதுரைக்கே தெரியும். எங்கள் வீட்டில் தறி மோட்டார் போனது, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் ஊறியது. அதை வைத்து ஒரு பாட்டு எழுதினோம். கண்மாயில் கிளம்பி வைகையில் விழுகிற வரைக்கும் அந்தக் கால்வாயில் என்னென்ன வந்து சேருகிறது என்று வரிசையாகச் சொல்லும் பாட்டு. ரீல்ஸாகப் போட்டோம். வியூஸ் நன்றாகவே வந்தது. ஆனால் கமெண்ட் முழுக்க ‘பீட் எங்க எடுத்தீங்க ப்ரோ’, ‘ஃப்ளோ வெறித்தனம்’. கால்வாயைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. “நீ பாடினா சாக்கடை வெட்கப்பட்டு ஓடிருமா?” என்று அக்கா கேட்கிறாள்.

2017-ல் ஜல்லிக்கட்டுக்காக வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நின்ற கூட்டத்தைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். கூட்டம் என்ன செய்யும் என்று தெரியும். பாட்டு என்ன செய்யும் என்றுதான் தெரியவில்லை. உலகத்தில் எங்காவது ராப் பாடி ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை நாங்கள் சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறோமா? தெருமுனையில் பாடினால் கேஸ் வருமா?

வில்லாபுரம் பீட்:

மாறியிருக்கிறது மாப்ள. அதற்கு முன்னால் ஒன்று. ஹிப் ஹாப் பிறக்கும்போதே போராட்டமாகப் பிறந்தது என்று யூடியூபில் பேசுகிறவர்களை நம்பாதே. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி எடுக்க ஒரு தங்கச்சி காசு சேர்த்த பார்ட்டி அது. அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இரண்டு டர்ன்டேபிளில் ஒரே ரெக்கார்டை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம்ஸ் மட்டும் வருகிற இடத்தை நீட்டிக்கொண்டே போனார். ஆட்டம், பாட்டம், டிக்கெட் காசு. அரசியல் அந்த வீடுகளுக்கு வெளியே இருந்தது. ஏரியாவைப் பிளந்துகொண்டு விரைவுச் சாலை போட்டிருந்தார்கள், கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன, வேலை கிடையாது. அது பாட்டுக்குள் வர 1982 ஆனது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ வந்த பிறகுதான் தெருவின் நிலைமையைச் சொல்லியும் ஹிட் கொடுக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. 1989-ல் பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் தி பவர்’. நம் பக்கத்தில் 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு கானா, பறை, ராப் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றியது.

மாறியது எங்கே என்றால் துனீசியா. எல் ஜெனரல் என்ற பையன் 2010 கடைசியில் நேராக அதிபரைக் கூப்பிட்டு ‘உன் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பாடி நெட்டில் போட்டான். 2011 ஜனவரி முதல் வாரம் போலீஸ் தூக்கியது. ஜனவரி 14-ல் அதிபர் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். அப்புறம் 2015 ஜூலையில் கிளீவ்லாந்தில் ஒரு சின்னப் பையனைப் போலீஸ் பிடித்தபோது, அங்கே கூடியிருந்த கறுப்பின மக்கள் கென்ட்ரிக் லாமரின் ‘ஆல்ரைட்’ பல்லவியைத்தான் ஒரே குரலில் கத்தினார்கள். அதன் பிறகு போராட்டம் நடந்த ஊரெல்லாம் அந்தப் பல்லவி கேட்டது. போதுமா?

மேலூர் ஒருபோகம்:

பங்காளி துனீசியா வரை போய்விட்டு ஒன்றை விட்டுவிட்டார். அங்கே 2010 டிசம்பரில் தள்ளுவண்டி வியாபாரி ஒருவர் தன் மேலேயே தீ வைத்துக்கொண்டார். தெருவில் ஜனம் செத்தது, தொழிற்சங்கங்கள் இறங்கின. பாட்டு மட்டும் இருந்திருந்தால் அந்தப் பையன் ஜெயிலிலேயே இருந்திருப்பான்.

எங்கள் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. அரிட்டாபட்டியும் அதற்குள் வருகிறது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியில் இருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரைக்கும் நடை. பொம்பளையாட்கள், கிழடுகட்டைகள், டிராக்டர், எல்லாம். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. இதில் ராப் எங்கே இருந்தது? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்த பிறகு ரீல்ஸ் நிறைய வந்தது, அது வேறு.

இன்னொன்றும் யோசியுங்கள். 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. நிலம் இல்லாத கூலி ஜனங்களின் பாட்டு, ராப் பாடகர் அறிவு தன் பாட்டியின் கதையில் இருந்து எடுத்து எழுதியது. உலகமே ஆடியது. அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். நிலத்தைப் பற்றிய பாட்டுக்கே பட்டா யார் பேரில் என்று பிரச்சினை. செல்லூர்த் தம்பி, உங்கள் பாட்டை யாராவது கம்பெனிக்காரர் கேட்டு வந்தால் அக்ரிமென்ட்டை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருமங்கலம் சவுண்ட் சர்வீஸ்:

தம்பி, நான் ராப் கேட்கிற வயதில் இல்லை. மைக்செட் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் பனைமரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போட்ட கடை, இப்போது பாக்ஸ், மிக்ஸர் வரைக்கும் வந்துவிட்டது. கட்சிக் கூட்டம், காதுகுத்து, கிடாவெட்டு, வள்ளி திருமணம் நாடகம், இழவு வீடு, எல்லாவற்றுக்கும் போவேன். கூட்டம் எந்த நிமிஷத்தில் டீக்கடைப் பக்கம் நகர ஆரம்பிக்கிறது என்பது மேடைக்குத் தெரியாது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரியும்.

பாடி என்ன ஆகும் என்கிறாய். எங்கள் ஊரில் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, பஸ்ஸில் வந்தால் பார்த்துவிட்டுப் போ. சிவகாசியில் பிறந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகம். அந்தச் சாதியைக் காரணம் காட்டி அவரோடு மேடையேற மறுத்த நடிகைகளும் உண்டு. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற கட்டம் வரும் இல்லையா, அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைப் பாடுவார். கொக்கு வெள்ளை, வெள்ளைக்காரன் வெள்ளை. புராண நாடகம் பார்க்க வந்த சம்சாரிகளுக்கு யாரும் பொழிப்புரை சொல்லவில்லை. போலீஸுக்கும் சொல்லவில்லை, ஆனாலும் அவர்கள் வாரண்டோடு மேடைக்குக் கீழே நின்றார்கள். பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. இதைச் சொன்னால் ‘அது நாடகப் பாட்டு, ராப் வேறு’ என்பார்கள். எனக்கு வேறாகத் தெரியவில்லை. ஜனங்கள் ஏற்கெனவே கூடியிருக்கிற இடத்தில், அவர்களுக்குப் பழகின மெட்டுக்குள், சொல்லக் கூடாததைச் சொன்னார்.

மேலூர்க்காரர் பேச்சில் நியாயம் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் சண்டை இருக்க வேண்டும். ஆனால் அவர் நடந்த நடையில் கோஷம் போட்டார்களா இல்லையா? கோஷம் போட ஒருத்தர் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அதை யார் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஹிப்ஹாப் தமிழாவின் ‘டக்கரு டக்கரு’ பாட்டு எங்கே பார்த்தாலும் ஓடியது. கடைசி நேரத்தில் அதைப் பாடின ஆதி, போராட்டம் திசை மாறுகிறது, நான் விலகிக்கொள்கிறேன் என்று வீடியோ போட்டார். கூட்டம் கலைந்ததா? இல்லை. பாட்டை வாங்கிக்கொண்டார்கள், பாடினவரை விட்டுவிட்டார்கள். அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன். ரீல்ஸை எடுத்துக் கேட்டேன். சங்கடப்படாதே, எனக்கு முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. ஹெட்போன் போட்டு இன்னொரு தடவை கேட்டபோதுதான் ‘பாவு’ என்று வருவது காதில் விழுந்தது. அந்த வேகத்தில் தெருவில் பாடினால் என்ன ஆகும் தெரியுமா? எதிர்ச் சுவரில் பட்டு எதிரொலி திரும்பி வருவதற்குள் நீ அடுத்த சொல்லில் இருப்பாய். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கொழகொழ என்று ஆகிவிடும். குழாயில் பேஸ் வராது, உங்கள் ‘தும் தும்’ முழுக்கக் காணாமல் போய் வெறும் இரைச்சல்தான் நிற்கும். பாக்ஸ் வைத்தால் நேர்மாறு, பேஸ் ஏறிக்கொண்டு வார்த்தையை முழுங்கிவிடும். தாளத்தைக் கம்மியாக வை. வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு விடு. வில்லாபுரம் தம்பி சொன்ன கிளீவ்லாந்து கதையைப் பார், ஜனங்கள் பல்லவியைத்தானே பாடினார்கள்? வேகமாக வருகிற சரணத்தை யாராலும் கூட்டமாகப் பாட முடியாது. உன் பாட்டில் பல்லவி என்று எதுவும் இல்லை. தெருப் பொம்பளைகள் தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது முணுமுணுக்கிற மாதிரி ஒரு வரி எழுது. உன் அக்கா கேட்ட கேள்வியே நல்ல பல்லவி. அதை அவளையே பாடச் சொல்.

ஒத்தக்கடை வக்கீல்:

கேஸ் வருமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வருகிறேன். வரலாம். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்கு 2015 அக்டோபரில் திருச்சியில் கைது செய்யப்பட்டார், தேசத்துரோகப் பிரிவு 124ஏ-யின் கீழ். அந்தப் பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் இருந்து புதிய குற்றவியல் சட்டம், அதில் கிட்டத்தட்ட அதே மாதிரி 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாக்கடைப் பாட்டுக்கு அதெல்லாம் வராது, பயப்படாதே. உனக்கு வரக்கூடியது அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்தது, போக்குவரத்தை மறித்தது, யாரையாவது பெயர் சொல்லி அவதூறு செய்தது, இவ்வளவுதான். ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆளைத் திட்டாதே, வேலையைத் திட்டு. இத்தனை மனு கொடுத்தோம், இந்தத் தேதியில் இந்தப் பதில் வந்தது என்று பாடினால் அதை அவதூறு ஆக்குவது கஷ்டம்.

அப்புறம் துனீசியா எதற்கு, கொடைக்கானல் இருக்கிறதே? கும்பக்கரையில் குளிக்காத மதுரைக்காரர் உண்டா? அந்தப் பாம்பாற்றின் மேல்பகுதிச் சோலைக்குப் பக்கத்தில்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசக் கழிவு வெளியே வந்து 2001-ல் மூடினார்கள். தொழிலாளர்கள் 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். வருஷக்கணக்காக இழுத்தது. 2015 ஜூலை கடைசியில் ராப் பாடகி சோபியா அஷ்ரப் ‘கொடைக்கானல் வோன்ட்’ பாடினார், அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டில். மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச ஒப்பந்தம் போட்டது. பாட்டுதான் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லமாட்டேன், அதற்கு முன்னால் சங்கமும் மருத்துவ ஆவணமும் பதினைந்து வருஷ அலைச்சலும் இருந்தன. ஆனால் அந்தப் பாட்டில் கம்பெனி பெயர் இருந்தது, என்ன வேண்டும் என்பது இருந்தது, கேட்டு முடித்தவர் கையெழுத்துப் போட ஒரு மனு இருந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது முடியவில்லை என்று 2018-ல் மறுபடியும் ஒரு பாட்டு வந்தது, அதில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். உன் ரீல்ஸில் என்ன வேண்டும் என்று எங்கே இருக்கிறது? தூர் வார வேண்டுமா, கழிவுநீரைத் தனிக் குழாயில் விட வேண்டுமா, கரை கட்ட வேண்டுமா? கேட்டு முடித்தவர் ‘ஃப்ளோ வெறித்தனம்’ என்று சொல்லாமல் வேறு என்ன செய்ய முடியும்?

செல்லூர்த்தறி:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் அக்கா, தெருவில் ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் நகல் ஒரு பெரியவரிடம் இருக்கிறதாம், தேதியோடு வாங்கிக்கொள்கிறேன். மேலூர் அண்ணன் சொன்னது உறைக்கிறது. தெருக் கூட்டம் ஒன்றும் நடக்காமல் நாங்கள் மட்டும் பாடி என்ன? தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடப் பேசியிருக்கிறோம். பேசி முடித்த பிறகு பாட்டு, முன்னால் இல்லை. பாட்டை உடைத்து மறுபடி எழுதுகிறோம், வேகம் பாதி. அக்கா முதலில் அடிக்க வந்தாள். இப்போது பல்லவியில் ஒரு வார்த்தை சரியில்லை என்று அவளே திருத்திக்கொண்டிருக்கிறாள்.

மைக்செட் ஐயா, வாடகை எவ்வளவு ஆகும்? எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

திருமங்கலம் சவுண்ட் சர்வீஸ்:

வாடகை வேண்டாம். இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், மைக் இரண்டு. பாக்ஸ் கேட்காதே, அந்தச் சந்துக்குக் குழாய்தான் சரி. ஸ்டேஷன் ரசீது கையில் இருந்தால்தான் வண்டியை இறக்குவேன். வீட்டில் இருந்து ஒயர் இழுத்துக் கொடுக்க யாராவது சம்மதித்தால் நல்லது. இல்லை என்றால் ஜெனரேட்டர், டீசல் உங்கள் செலவு.