அபூர்வக் கட்டி பற்றிய கேள்வித்தாள்: மூத்த மருத்துவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் வளரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அபூர்வக் கட்டியைப் பற்றி நம் மாவட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று கேட்டறியப் போகிறேன்.

முதல் கேள்வி இப்படி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் 35 வயதுப் பெண். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, புடவை நனையும் வியர்வை, படபடப்பு. ரத்த அழுத்தம் 210/120. அரை மணி நேரத்தில் தானாகவே 130/80. அடுத்து என்ன செய்வீர்கள்?

மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்களோ என்பதே என் பயம். ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அட்ரீனலின் போன்ற ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்) அளவைப் பார்த்தால் துப்புக் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமானது மருந்தின் வரிசை. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பானுக்கு முன்பே, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பானைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கேள்வியிலேயே விடை தெரியாதபடி எப்படிக் கேட்பது? இங்குள்ள நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களும் மயக்கவியல் மருத்துவர்களும் தயவுசெய்து திருத்தித் தாருங்கள்.

வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறிமுகம் உள்ளவர்களும் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களுக்கு அச்சிட்ட தாளுடன் நானே வருகிறேன். பதிலளிப்பவர்களின் பெயரைக் கேட்க மாட்டேன். விடைகள் இதில் இருப்பதால் இந்தப் பதிவை மட்டும் அவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் திருத்தங்கள் வந்ததும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பிப்பேன்.