ரெண்டுங்கெட்டான் நாட்டுக்கு ஒரு கேலிக் கையேடு: எழுத யோசனை சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கங்க. வேலந்தாவளத்துக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவே, தமிழ்நாட்டிலும் சேராமல் கேரளத்திலும் சேராமல், ‘ரெண்டுங்கெட்டான்’ என்று ஒரு குட்டி நாடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குச் சுற்றுலாக் கையேடு மாதிரியே ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதுகிறேன். 64 பக்கம், நடுவில் ஒரு வரைபடம். இரண்டு பக்கத்தாரையும் வாரணும், இரண்டு பக்கத்தாரும் சிரிக்கணும். அங்கேதான் இடிக்குது. எந்த மாதிரிகளைப் பார்க்கலாம்? மலையாள வாடையுள்ள தமிழை, சினிமாவில் மூக்கால் பேசும் சேட்டன் போல ஆக்காமல் எழுதுவது எப்படி? கேஸ் கீஸ் வருமா? மாதிரிக்கு ஒரு பத்தி:

“ரெண்டுங்கெட்டான் மக்கள் சோம்பேறிகள். விடிந்ததிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். ஆனாலும் ரொம்பப் பாசக்காரர்கள்.”

செக்போஸ்ட் சின்னான்:

பத்தியில் சிரிப்பு இல்லாததற்குக் காரணம் ‘சோம்பேறிகள்’. அது தீர்ப்பு. தீர்ப்பு சொன்ன பிறகு வாசகனுக்கு வேலை இல்லை. கடைசியில் ‘பாசக்காரர்கள்’ என்று தடவிக் கொடுத்தது இன்னும் மோசம், எழுதியவருக்கே பயம் வந்துவிட்டது தெரிகிறது. குணத்தைத் தொடாமல் நடைமுறையை எழுதுங்க. கையேட்டு நடை என்பது முகத்தில் அசைவே இல்லாமல் தகவல் சொல்வது:

“அமைச்சரவை தினமும் காலை 6 மணிக்குப் பாலத்தடி டீக்கடையில் கூடும். சாதாரணத் தீர்மானத்துக்கு இரண்டு டீ. எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தால் அவர்கள் பங்குப் பழம்பொரி அரசுடைமை.”

விஷயம் அதேதான், யாரையும் திட்டவில்லை. எண் முக்கியம். ‘நிறைய டீ’ என்றால் சிரிப்பு வராது, ‘இரண்டு டீ’ என்றால் வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று கேலிக்கு மேல் போகாதீங்க. நடுவில் இரண்டு மூன்று வரி நிஜக் கையேடு போலச் சப்பென்று ஓடினால்தான் அடுத்தது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விழும்.

மாதிரிகள்: முதலில் மோல்வேனியா. 2003இல் மூன்று ஆஸ்திரேலியர்கள் சேர்ந்து எழுதியது, இல்லாத ஒரு கிழக்கு ஐரோப்பிய நாட்டுக்கான முழு நீளக் கையேடு. அதன் பலம், பயணக் கையேடு என்ற வடிவத்தையே கேலி செய்வது: கட்டம் கட்டிய எச்சரிக்கை, ஓட்டல் தரவரிசை, ‘எப்படிப் போவது’ எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்து எழுதியதால் அழுக்கு, வறுமை, பல் இல்லாத வாய் என்று அதே மூன்று தந்தியை மீட்டிக்கொண்டே போகும். 40 பக்கத்துக்குப் பிறகு கை தானாகப் புத்தகத்தை மூடும்.

அதற்கு நேர் எதிர் ஜார்ஜ் மிகேஷ். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் குடியேறியவர், 1946இல் ஆங்கிலேயரைப் பற்றி எழுதினார். ‘நான் அந்நியன், இவர்களைப் போல ஆவது எப்படி’ என்று தன்னை முட்டாளாக நிறுத்திக்கொண்டதால் ஆங்கிலேயரே வாங்கிப் படித்தார்கள். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே வாக்கியம். உங்கள் 64 பக்கத்திலும் அப்படி ஒரே வரியோடு ஏறக்குறைய காலியான ஒரு பக்கம் இருக்கட்டும்.

வெளிநாடு வரைக்கும் போவானேன், நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைக் காளமேகம் வாரியதைப் பாருங்க. பொழுது சாயும்போது அரிசி வரும்; குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கும்; ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கும். நாகைக்காரன் கஞ்சன் என்று ஒரு சொல் கிடையாது, வெறும் கால அட்டவணை. இந்த வேலையை இதைவிடச் சிக்கனமாகச் செய்ய முடியாது.

‘நிலவில் நாயர் டீக்கடை’ மட்டும் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு நிலவுக்கே அலுத்துப்போச்சு.

பட்டறை பாலக்காடு:

மொழி பற்றி. சின்னான் அண்ணன் சொன்னதோடு ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுப் படக்கதை வரிசையில் 1966இல் வந்த பிரிட்டன் புத்தகத்தையும் சேர்க்கணும். பிரெஞ்சு மூலத்தில் அந்த பிரிட்டன்காரர்கள் பேசுவது பிரெஞ்சுதான். ஆனால் பிரெஞ்சில் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய அடைமொழிகளை, ஆங்கிலத்தில் வருவதுபோல முன்னால் வைத்துப் பேசுவார்கள். கேலி இலக்கணத்தில் இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை.

நமக்குச் சொல் வரிசை உதவாது, தமிழுக்கும் மலையாளத்துக்கும் அது ஏறக்குறைய ஒன்று. உதவுவது வினை விகுதி. நாம் வந்தேன், வந்தான், வந்தாள் என்கிறோம். மலையாளத்தில் யார் வந்தாலும் ‘வந்நு’தான். ஆகவே உங்கள் நாட்டுத் தமிழில் விகுதியை வெட்டிவிடுங்க. பிறகு அதை ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுபோய் வையுங்க:

“காவல் நிலைய நாட்குறிப்பு: வந்நு. கண்டு. ஓடி. (யார் என்பது விசாரணையில் உள்ளது.)”

ஒரு முழுப் பக்கத்துக்கு இதை நீட்டினால் படிக்க முடியாது. அறிவிப்புப் பலகை, படிவம், நாட்குறிப்பு மூன்றிலும் மட்டும் போதும்.

சொற்பட்டியலுக்கு 4 பக்கம் ஒதுக்குங்க, புத்தகத்தின் கொழுத்த இடம் அதுதான். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு என்றிருக்கும் சொற்கள் வேணும். ‘வெள்ளம்’ மலையாளத்தில் குடிக்கிறது, நமக்கு ஊரை அடிச்சிட்டுப் போகிறது. ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பு. ‘சம்சாரம்’ பேச்சு, நமக்கு மனைவி. ‘பட்டி’ நமக்கு ஊர், அவர்களுக்கு நாய். உசிலம்பட்டி பேருந்தின் பலகையைப் பார்த்து மலையாளி சிரிப்பது அதனால்தான். பலர் செய்யும் தப்பு, சொல்லையும் பொருளையும் மட்டும் போட்டு அகராதி ஆக்கிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் அது எங்கே சிக்கலாகும் என்று ஒரு சூழல் கொடுங்க: “அவசரம் வந்தால் உடனே ஓடவும். எந்தப் பக்கம் என்பது எந்த மொழி என்பதைப் பொறுத்தது.”

இரண்டு பக்கமும் சிரிக்கணும்னா ஒரு கணக்கு வெச்சுக்குங்க. மலையாளி மேல் ஒன்று விழுந்தால் நம்ம மேல் இரண்டு விழணும், புத்தகம் தமிழில் இருப்பதால். நம்மை அங்கே கேலியாகப் ‘பாண்டி’ என்பதையும் சொற்பட்டியலில் மறைக்காமல் போடுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கள்ளுக்கு ஒரு பக்கம் வெச்சிருக்கேன். “தமிழர்கள் கள் குடிக்க இங்கே ஓடி வருவார்கள்” என்று ஆரம்பம். இதுவும் தீர்ப்புத்தானோ?

செக்போஸ்ட் சின்னான்:

தீர்ப்பேதான். சட்டம் தானாகவே சிரிப்புக் காட்டுகிற இடத்தில் நீங்க எதுக்கு வெட்டியாக உழைக்கணும்? தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்துச் சித்தூர் பக்கமோ உரிமம் வாங்கிய தோப்பும் கள்ளு ஷாப்பும். அப்படியே ஒரு மரத்துக்கு வாங்க:

“அடிமரம் தமிழ்நாட்டிலும் தலை கேரளத்திலும் சாய்ந்த தென்னை, தேசியச் சின்னம். ஏறுகிறவர் பாதி மரம் வரை குற்றவாளி, அதற்கு மேல் உரிமம் பெற்ற தொழிலாளி. இறங்கும்போது வரிசை மாறும்.”

அதோடு தண்ணி. 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும். அந்த ‘புள்ளி இரண்டு ஐந்து’ போதும், உங்கள் நாட்டின் நீர்வளத்துறை முழுசும் அந்த .25ஐ அளக்கத்தான் இருக்கிறது என்று எழுதுங்க. ஆனால் விவசாயி வயிற்றெரிச்சலைத் தொடாதீங்க, அளக்கிற அதிகாரியின் ஸ்கேலைத் தொடுங்க.

மேப்லித்தோ மாணிக்கம்:

கேஸும் அச்சும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. பிறந்த இடம், வசிப்பிடம், மொழி அடிப்படையில் பகை மூட்டுவது அதில் வரும், மூன்று வருஷம் வரை தண்டனை. பகை மூட்டும் நோக்கம் வேணும், எழுத்தை முழுசாகப் படிக்கணும், ஒரு வரியைப் பிய்த்து எடுக்கக் கூடாது என்று 153ஏ வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கு. ஆனால் கேஸ் போடுகிறவன் பிய்த்துத்தான் எடுப்பான். எந்தப் பத்தியும் தனியாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றினாலும் கற்பனை நாடு என்று தெரியணும், அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாட்டுப் பெயரை அச்சிடுங்க. ‘யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை’ என்று முன்பக்கத்தில் போடும் வரிக்கு மட்டும் காப்பாற்றும் பலம் இல்லை. சாதி, சாமி, நிஜ அதிகாரியின் பெயர் மூன்றும் வேண்டாம். பெயர் போட்டால் அதே சன்ஹிதாவின் 356, அவதூறு.

64 பக்கம் என்றால் 16 பக்கம் கொண்ட பாரம் 4. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், நடு மடிப்பில் அடிக்கும் சென்டர் பின் போதும். 16 தாள் ஒன்றுக்குள் ஒன்று மடிவதால் உள்தாள்கள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே துருத்தும், வெட்டும்போது ஓரம் போகும். வெளி மார்ஜின் 12 மில்லிமீட்டர் விடுங்க, இல்லாட்டி நடுப்பக்கங்களில் கடைசி எழுத்து கத்திக்குப் போயிடும்.

வரைபடம் 32, 33ஆம் பக்கத்தில்தான் வரணும். இரண்டு பக்கமும் ஒரே தாளில் விழுவது நடுவில் மட்டும். வேறெங்கே வைத்தாலும் இடது பாதி ஒரு தாள், வலது பாதி இன்னொரு தாள், ஆறு கோணலாக ஓடும். எல்லைக்கோட்டை மடிப்பிலேயே வரையுங்க. இரண்டு பின்னும் இரண்டு செக்போஸ்ட். ஒன்றுக்கு வாளையார்னு பேர் போடுங்க.

பட்டறை பாலக்காடு:

பின் துருப்பிடித்தால்?

மேப்லித்தோ மாணிக்கம்:

அப்போதான் அசல் செக்போஸ்ட் மாதிரி இருக்கும்.