ஸ்லிப் ஜிக் ஸ்கார்ஃப்: 9 கண்ணிக் கணக்கில் ஒரு சிக்கல்

நிட்டிங் (ஊசியால் நூல் பின்னுவது) தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஐரிஷ் நடனத்தை வைத்து ஒரு லேஸ் (துளைத்துளையான மெல்லிய பின்னல்) ஸ்கார்ஃப் வடிவமைக்கிறேன். எடுத்துக்கொண்டது ஸ்லிப் ஜிக். மென்மையான காலணியில் ஆடுவது, தாளம் 9/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்பது எண்ணிக்கை. ரீல், ஹார்ன்பைப் போன்ற மற்ற ஐரிஷ் நடனங்கள் எல்லாவற்றையும் விட லேஸுக்குப் பொருத்தம் இதுதான் என்பது என் கட்சி, அவ்வளவு மிதப்பு அதில்.

தாளத்துக்கு ஏற்ப 9 கண்ணிக்கு ஒருமுறை டிசைன் திரும்ப வருகிறது: 1 நிட் (சாதாரணப் பின்னல்), யார்ன் ஓவர் (ஊசியில் நூலைச் சுற்றி ஒரு கண்ணி கூட்டுவது), 2 நிட், நடுவில் 3 கண்ணிகளை ஒன்றாக்குவது, 2 நிட், யார்ன் ஓவர், 1 நிட். எண்ணிக்கை மாறாது, அலையும் அழகாக விழுகிறது.

சிக்கல் அடுத்த பட்டையில். ஆடுபவர்கள் வரிசை மாறி ஒருவரையொருவர் கடப்பது போல, டிசைனைப் பாதி தள்ளி வைக்க ஆசை. 9 ஒற்றைப்படை ஆயிற்றே! புது மையம் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே போய் விழுகிறது. மூன்றை ஒன்றாக்க அங்கே நடுக்கண்ணி இல்லை. 10 ஆக்கினால் தீர்ந்துவிடும், ஆனால் அப்புறம் அது ஸ்லிப் ஜிக்கா?

அந்தப் பட்டையில் மட்டும் இடப்பக்கம் சாயும் குறைப்பு (இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குவது) ஒன்று, வலப்பக்கம் சாயும் குறைப்பு ஒன்று என்று ஜோடியாகப் போடலாமா? பிளாக் செய்து (நனைத்து, இழுத்து விரித்து வைத்து) காய்ந்தபின் இரண்டு பட்டைகளும் வேறுவேறாகத் தெரியுமா? நூல் லேஸ் வெயிட் (மிக மெல்லிய) மெரினோ கம்பளி, 4 மி.மீ. ஊசி. இப்படிப் பின்னியவர்கள் படம் இருந்தால் போடுங்களேன்.