1-3-7-21 ரிவிஷன் போட்டு மாட்டிக்கிட்டேன், புதுப் பாடம் நகரவே மாட்டேங்குது. உதவி ப்ளீஸ்

விடியல்5
வணக்கம், கொஞ்சம் அவசரம். 1-3-7-21 முறையில, அதாவது ஒரு பாடத்தைப் படிச்சு 1, 3, 7, 21 நாள் கழிச்சு, ரிவிஷன் பண்றேன். மூணு வாரம் சூப்பரா போச்சு. இப்போ பாக்கி ஏறிக்கிட்டே போகுது, புதுசா ஒரு பாடம்கூடத் தொட முடியல. நல்ல டைம் டேபிள் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க.

கறுப்புமை
எந்தத் தேர்வு? டிஎன்பிஎஸ்சி குரூப் 4ஆ, குரூப் 2ஆ, யூபிஎஸ்சியா? பிரிலிம்ஸா மெயின்ஸா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? அளவே கொடுக்காம சட்டை தைக்கச் சொன்னா எப்படி?

நாலுமணிக்கோழி
காலைல 4 மணிக்கு எழுந்திருங்க. ராத்திரி படிக்கிறது மண்டையில நிக்காது. இதான் பிரச்சினை, வேற ஒண்ணும் இல்ல.

கறுப்புமை
எத்தனை மணிக்குத் தூங்குறாங்கன்னே தெரியல, அதுக்குள்ள 4 மணியா?

ஏட்டுச்சுரை
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர்கள் தேர்வறையில் மூன்று மணி நேரம் எப்படி உட்காரப் போகிறார்களோ! பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கணக்குப்பிள்ளை
விடியல், ரிவிஷன்னா நீங்க என்ன செய்றீங்க? பாடத்தை முழுசா திரும்ப வாசிக்கிறீங்களா, இல்ல புத்தகத்தை மூடி வச்சுக் கேள்வி கேட்டுப் பார்க்கிறீங்களா? புதுப் பாடம் ஒண்ணுக்கு எத்தனை நிமிஷம், அதையே ரிவைஸ் பண்ண எத்தனை நிமிஷம்? இந்த ரெண்டு எண்ணும் வேணும்.

விடியல்5
சாரி, சொல்ல மறந்துட்டேன். குரூப் 2 பிரிலிம்ஸ், பொதுத்தமிழ். வேலைக்குப் போறதால காலை 5-7, ராத்திரி 8.30-10. ஞாயிறு 8 மணி நேரம். தேர்வுக்கு இன்னும் 80 நாள். தினமும் புதுசா ஒரு பாடம் ஒன்றரை மணி நேரம். ரிவிஷன் ஒவ்வொண்ணும் முக்கால் மணி, கோடு போட்ட வரிகளை எல்லாம் திரும்ப வாசிப்பேன்.

கணக்குப்பிள்ளை
அப்போ உங்க சோம்பேறித்தனமும் இல்ல, காலை 4 மணியும் இல்ல. கூட்டல்லயே உதைக்குது.

உங்ககிட்ட வார நாள்ல இருக்கிறது 210 நிமிஷம். முதல் நாள் தேவை 90. ரெண்டாம் நாள்ல இருந்து ஒரு ரிவிஷன் சேரும், 135. நாலாம் நாள் 180. எட்டாம் நாள் 225, அதாவது அப்பவே 15 நிமிஷம் இடிக்குது. ஆனா ஞாயிறு 8 மணி நேரம் அதை விழுங்கிடுச்சு, அதனால உங்களுக்குத் தெரியல. 22-ஆம் நாள் நாலாவது ரிவிஷனும் வந்து ஏறினதும் தேவை 270. ஒரு நாளைக்கு 60 நிமிஷம் குறை, ஆறு நாளைக்கு 360. ஞாயிற்றுக்கிழமை அன்றைய பங்கு போக மிச்சம் 210 தான். ஆக வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பாக்கி விழும், எந்த டைம் டேபிள் போட்டாலும். இதுல ஆப்டிட்யூடையும் (கணக்கு, திறனறிவுப் பகுதி) மாதிரித் தேர்வையும் நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

1-3-7-21 இடைவெளி சரிதான். ஒவ்வொரு தடவையும் பாதி நேரம் செலவழிச்சு மறுவாசிப்பு பண்றதுதான் தப்பு. அதை 12 நிமிஷமாக்குங்க. 90 நிமிஷத்துல 75 படிக்க, 15 கேள்வி எழுத. ஒரு பாடத்துக்கு 15 கேள்வி, ஒரே தாள், விடை பின்பக்கம். ரிவிஷன் நாள்ல தாளை மட்டும் எடுங்க, புத்தகத்தைத் தொடாதீங்க. தப்பான கேள்விக்கு மட்டும் அந்தப் பத்தியைப் பாருங்க. 90-உம் நாலு தடவை 12-உம் சேர்த்து 138. மிச்சம் 72 நிமிஷம் கையில.

மல்லிகைச்சரம்
கேள்வி எழுதுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. "பஞ்சாயத்து ராஜ் பற்றி எழுதுக"ன்னு எழுதினா அது 12 நிமிஷத்துல முடியாது. "கிராம சபை அரசியலமைப்புல எந்த உறுப்பு?" (243-ஏ), "243-டி எதைப் பற்றியது?" (இட ஒதுக்கீடு), "மாநிலத் தேர்தல் ஆணையம்?" (243-கே), "11-ஆவது அட்டவணையில எத்தனை இனங்கள்?" (29) இப்படி ஒரு வரி கேள்வி, ஒரு சொல் விடை. 12-ஆவது அட்டவணையையும் (18) பக்கத்துலயே வைங்க. குழப்பி விடுறது அந்த ரெண்டு எண்ணும்தான்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் 1-3-7-21ல போடாதீங்க. நூல்-ஆசிரியர், அடைமொழி மாதிரி தொடர்பில்லாத தகவல்களுக்கு 7-க்கும் 21-க்கும் நடுவுல இன்னொரு தடவை வேணும். ஆப்டிட்யூடுக்கு இந்த முறையே வேண்டாம், தினம் 10 கணக்கு, 30 நிமிஷம். தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், எண் தொடர் இதெல்லாம் கை பழகினாத்தான் வரும். 25 கேள்வி, 37.5 மதிப்பெண், விடக்கூடாது.

நாலுமணிக்கோழி
இருந்தாலும் காலைல படிச்சா இந்தக் கணக்கே தேவைப்படாது.

விடியல்5
ஐயோ, 22-ஆம் நாள்தான் கரெக்டா மாட்டினேன். ஏற்கனவே இருக்கிற பாக்கியை என்ன பண்றது? 14 பாடம் கிடக்கு.

கணக்குப்பிள்ளை
மறுபடி வாசிக்காதீங்க. மூணு நாள் புதுசு நிறுத்தம். ஒவ்வொரு பாடத்துக்கும் பழைய வினாத்தாள்ல இருந்து 20 கேள்வி. 15-உம் அதுக்கு மேலயும் சரின்னா நேரா 21 நாள் கழிச்சுப் பார்க்கிற தாள் கட்டுக்கு. 10-14ன்னா தப்பானதை மட்டும் பார்த்துட்டு 7 நாள் கட்டுக்கு. 10-க்குக் கீழேன்னா அது நீங்க படிக்காத பாடம்னு நினைச்சுக்குங்க, புதுசாவே கணக்குல சேருங்க.

அப்புறம் 80 நாளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்க. கடைசி 21 நாள்ல தொடங்குற பாடத்துக்கு 21-ஆம் நாள் ரிவிஷனே வராது. அதனால 25 நாள் இருக்கும்போதே புதுசை மூடணும். 55 நாள், அதுல இந்த மூணு போக 52, அதுல ஞாயிறு ஏழு, மாதிரித் தேர்வுக்கு. மிச்சம் 45 பாடம். உங்க பட்டியல்ல 45-க்கு மேல இருந்தா எதை விடுறதுன்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்க, தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம்.

கறுப்புமை
ஞாயிறு மாதிரித் தேர்வை ஓஎம்ஆர் தாளோட (வட்டம் நிரப்புற விடைத்தாள்) எழுதுங்க. 200 கேள்வி, 180 நிமிஷம், கேள்விக்கு 54 நொடி. ஒரு வட்டத்துக்கு 6 நொடின்னாலும் நிரப்ப மட்டும் 20 நிமிஷம் போகும். தமிழ் 50 நிமிஷம், பொது அறிவு 60, ஆப்டிட்யூட் 40, ஷேடிங்கும் மறுபார்வையும் 30னு வச்சுக்குங்க.

ஏட்டுச்சுரை
ஷேடிங்கைக் கடைசியில் ஒரே மூச்சில் செய்வதே முறை. இடையிடையே செய்தால் சிந்தனை அறுபடும்.

மல்லிகைச்சரம்
கடைசில பண்ணா ஒரு வரிசை தள்ளிப்போனா மொத்தமும் போச்சு. கறுப்பு பால்பாயிண்ட் பேனா, அழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் முடிச்சு முடிச்சு நிரப்புறதுதான் பாதுகாப்பு.

ஏட்டுச்சுரை
பக்கத்துக்குப் பக்கம் நிரப்புபவர்கள் பிறகு விடையை மாற்ற முடியாமல் தவிப்பதைத்தான் பார்க்கிறோம். தெரியாததற்குத் துணிந்து விடை போடாதீர்கள், நெகட்டிவ் மார்க் இருக்கிறது.

கறுப்புமை
சார், குரூப் 2 பிரிலிம்ஸ்ல நெகட்டிவ் மார்க் கிடையாது. மூணில் ஒரு பங்கு கழிக்கிறது யூபிஎஸ்சி. இங்க தெரியலன்னா அஞ்சாவதா 'E' (விடை தெரியவில்லை) வட்டம் இருக்கு, ஆனா ரெண்டு விடையை நீக்க முடிஞ்சா மிச்சத்துல ஒண்ணைப் போடுறதுதான் லாபம்.

ஏட்டுச்சுரை
நான் போட்டித் தேர்வுகளைப் பொதுவாகச் சொன்னேன்.

மல்லிகைச்சரம்
விடை மாறும்னு சந்தேகம் இருக்கிற கேள்விய மட்டும் கேள்விப் புத்தகத்துல வட்டம் போட்டுட்டு, கடைசி ரவுண்டுல நிரப்பலாமே. இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

நாலுமணிக்கோழி
நான் கடைசில நிரப்புற கட்சி.

விடியல்5
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். 14-ல 6 நேரா 21-க்குப் போயிடுச்சு, 5 ஏழுக்கு, 3 புதுசா படிக்கணும். தாள் முறைல ரிவிஷன் ஒண்ணு 15 நிமிஷம் ஆகுது, 12-க்கு வரல. ஆனா நேத்து புதுப் பாடம் முடிச்சேன். எண்ணிப் பார்த்தா மொத்தம் 58 பாடம் மீதி. எதை வெட்டுறதுன்னு பார்க்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

கணக்குப்பிள்ளை
15ன்னா 150 ஆச்சு, 210-க்குள்ளதான் இருக்கு, ஓடும். வெட்டுறதுக்கு முன்னாடி அந்த 58-ஐயும் இங்க போடுங்க. போன தேர்வுத்தாள்ல ஒவ்வொரு பாடத்துலயும் எத்தனை கேள்வி வந்துச்சுன்னு பக்கத்துல எழுதிட்டுப் போடுங்க.

கறுப்புமை
விடியல், ஆப்டிட்யூட் 30 நிமிஷம் தொடங்கியாச்சா?