கல்லணைத் தண்ணீர் கட்டம் கட்டமாக உடைகிறது: டிவிடிக்கு வீடியோ தயாரிக்க உதவுங்கள்

வலங்கைமான்காரன்

வணக்கம். என் அப்பா நாகஸ்வரம் வாசித்தவர். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய அக்கா, எங்கள் அத்தை, குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். கைபேசியில் படம் பார்ப்பது அவர் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. டிவிடி பிளேயரை மட்டும் யார் உதவியும் இல்லாமல் போட்டுப் பார்த்துக்கொள்வார். வருகிற ஆடிப்பெருக்குக்குள் ஒரு நல்ல டிவிடியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

என்னிடம் மூன்று படப்பதிவுகள் இருக்கின்றன. 2006இல் கோயிலில் அப்பா வாசித்த கச்சேரி, மினிடிவி (MiniDV) கேமரா டேப்பிலிருந்து ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினியில் ஏற்றியது, 48 நிமிடம். 2013இல் சுவாமி புறப்பாட்டுக்கு அவர் மல்லாரி வாசித்தது, ஏவிசிஹெச்டி கேமராவில் எடுத்தது, 35 நிமிடம். சென்ற மாதம் கல்லணையில் தண்ணீர் திறந்தபோது நான் கைபேசியில் எடுத்தது, 12 நிமிடம். தண்ணீர் திறப்பைப் பார்க்க அப்பா ஆண்டுதோறும் அத்தையை அழைத்துப் போவார். இப்போது அத்தையால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

மூன்றையும் தொகுப்பு மென்பொருளில் கோத்து ஒரே எம்பி4 கோப்பாக எடுத்து, அதை டிவிடியாக்கும் ஆத்தரிங் மென்பொருளிடம் கொடுத்தேன். டிவிடி வந்துவிட்டது. பார்க்கத்தான் முடியவில்லை. அப்பாவின் விரல்கள் துளைகளின் மேல் ஓடும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லைப் போல வரி வரியாகப் பிரிகின்றன. கல்லணை மதகில் தண்ணீர் நுரைத்து விழும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கச்சேரியில் எல்லோரும் அகலமாகப் பருத்துத் தெரிகிறார்கள். கைபேசிப் பகுதியின் கடைசியில் ஒலி பின்தங்குகிறது.

அத்தையிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே தவறு செய்தேன்?

மன்னார்குடி வாசகி

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்று மூலக் கோப்புகளையும், நீங்கள் எடுத்த எம்பி4 கோப்பையும் திறந்து, என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். படத்தின் அளவு, ஃபிரேம் வேகம், ஸ்கேன் வகை (ஃபிரேமின் வரிகள் பாதி பாதியாக வரும் இன்டர்லேஸா, ஒரே சமயத்தில் முழுதாக வரும் புரோகிரசிவா), ஃபீல்டு வரிசை (இன்டர்லேஸில் எந்தப் பாதி வரிகள் முதலில்), ஒலியின் கிலோஹெர்ட்ஸ் ஆகிய ஐந்தும் வேண்டும். அவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

வலங்கைமான்காரன்

பார்த்துவிட்டேன் அம்மா. கச்சேரி: 720×576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ், கீழ் ஃபீல்டு முதலில், 4:3, ஒலி 32 கிலோஹெர்ட்ஸ். மல்லாரி: 1920×1080, 25 ஃபிரேம், இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு முதலில், 48 கிலோஹெர்ட்ஸ். கல்லணை: 1920×1080, ஃபிரேம் வேகம் 'மாறக்கூடியது', சராசரி 29.9. நான் எடுத்த எம்பி4: 1280×720, 30 ஃபிரேம், புரோகிரசிவ், பிட்ரேட் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 லட்சம் பிட்).

திருவையாறு மாணவன்

எம்பி4இன் பிட்ரேட்டை 20 எம்பிபிஎஸ் ஆக்கி, 1920×1080 அளவிலேயே எடுத்துப் பாருங்கள் அண்ணா. மூலம் பெரிதாக இருந்தால் டிவிடியும் தெளிவாக வரும்.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

தம்பி சொல்வது மல்லாரிக்கு ஓரளவு பொருந்தும், கச்சேரிக்குப் பொருந்தாது. டேப்பில் இருப்பதே 576 வரிகள். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடியிலும் 576 வரிகள்தான். 576ஐ 1080 ஆக இழுத்து, மறுபடி 576க்குச் சுருக்கினால் எதுவும் கூடாது, உள்ளது மழுங்கும்.

வலங்கைமான்காரரே, உங்கள் மூலங்கள் மூன்றும் நல்லவை. பாழானது நடுவில் வந்த எம்பி4 கோப்பினால். டிவிடி ஏற்பது எம்பெக்-2 என்ற படச் சுருக்க முறை. நீங்கள் எம்பி4 ஆக ஒரு முறை நசுக்கினீர்கள். ஆத்தரிங் மென்பொருள் அதைப் பிரித்து எம்பெக்-2 ஆக இன்னொரு முறை நசுக்கியது. முதல் முறை தொலைந்த நுணுக்கம் திரும்பி வராது. அது விட்டுச்சென்ற கறைகளை இரண்டாவது மென்பொருள் படத்தின் பகுதியாகவே எண்ணி, பிட்டுகளை அவற்றுக்குச் செலவிட்டிருக்கும். டிவிடிக்கு மாற்றும்போது இழப்பே இல்லாமல் செய்ய முடியாது. அந்த இழப்பை ஒரே ஒரு முறையோடு நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. மூலத்திலிருந்து நேராக எம்பெக்-2க்குப் போங்கள்.

விரல் சீப்புப் பல்லாவதன் காரணம் வேறு. இன்டர்லேஸ் படத்தில் ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு கணங்கள் இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகள் ஒரு கணம், மீதி வரிகள் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி அடுத்த கணம். அதை உணராமல் 720 வரிகளுக்கு நீட்டியதும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. கச்சேரிப் பதிவை நீட்டவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். அது டிவிடிக்கு வேண்டிய அளவிலேயே இருக்கிறது. இன்டர்லேஸாகவே எம்பெக்-2க்கு மாற்றுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்று மென்பொருள் போதும்.

மல்லாரிக்கு மட்டும் அளவு குறைக்க வேண்டும். முதலில் நொடிக்கு 50 முழு ஃபிரேம்களாகப் பிரித்து, 720×576க்குச் சுருக்கி, பிறகு மறுபடி இன்டர்லேஸாகக் கோக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தவில்காரரின் இடது கையில் கழி இறங்கும் வேகத்தை 25 ஃபிரேமில் பார்த்தால் புகை போலத் தெரியும், 50 கணங்களில் பார்த்தால் கழி கழியாகவே தெரியும்.

அகலமாகத் தெரிவது 4:3 படத்தை 16:9 என்று குறித்ததால். கோப்பில் இருப்பது இரண்டுக்கும் 720×576தான். எந்த விகிதத்தில் விரிக்க வேண்டும் என்பது ஒரு குறிப்பு மட்டுமே, அதைச் சரியாகக் கொடுங்கள்.

மன்னார்குடி வாசகி

ஐயா சொன்னதோடு தண்ணீரைப் பற்றி நானும் சொல்கிறேன். நான் வயல் படங்கள் எடுப்பவள், இதில் பல நாள் போராடியிருக்கிறேன்.

எம்பெக்-2 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. படத்தை 16×16 கட்டங்களாக வைத்து, முந்தைய ஃபிரேமில் இதே கட்டம் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்று தேடி, நகர்ச்சியையும் சிறு வித்தியாசத்தையும் மட்டும் எழுதும். கோபுரமும் அமர்ந்திருக்கும் மனிதர்களும் அதற்கு எளிது. மதகில் விழும் தண்ணீரில் போன கணத்து நுரை இந்தக் கணத்தில் எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் ஏறக்குறையப் புதிதாக எழுத வேண்டும், அதற்குள் பிட் தீர்ந்துவிடும், கட்டங்கள் வெளியே தெரியும். காற்றில் ஆடும் சம்பா நாற்றும் இப்படித்தான்.

ஆகவே அதற்கு பிட் கொடுங்கள். ஓரடுக்கு டிவிடியில் 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். உங்கள் 95 நிமிடத்தையும் ஒரே வட்டில் போட்டால் நொடிக்குச் சுமார் 6.5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், அதிலும் ஒலிக்கும் மெனுவுக்கும் பங்கு போகும். இரண்டு வட்டாகப் பிரித்துவிடுங்கள். கச்சேரி 48 நிமிடம் தனி வட்டு. படத்துக்கு 8 எம்பிபிஎஸ், ஒலியைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மாக 1.5 எம்பிபிஎஸ். கூட்டினால் 9.5. டிவிடி ஏற்கும் உச்சம் 10.08. வட்டில் சுமார் 3.4 ஜிபிதான் ஆகும். மல்லாரியும் கல்லணையும் இரண்டாவது வட்டு, 47 நிமிடம், அதே கணக்கு. முதல் வட்டு 4:3, இரண்டாவது 16:9 என்று விகிதச் சிக்கலும் தீர்ந்துவிடும். இன்னொரு வட்டுக்கு ஆகும் செலவு பெரிதல்ல, நாகஸ்வர ஒலியைச் சுருக்காமல் கொடுக்கலாம்.

32 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48க்கு மாற்றாமல் விடாதீர்கள். டிவிடி 32ஐ ஏற்காது. அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் 12 பிட் ஒலி என்ற அமைப்பு இருந்தது, அதில் பதிந்திருக்கிறார்கள்.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

அம்மா சொன்ன கணக்கு சரி. ஆத்தரிங் மென்பொருளிடம் கோப்பைக் கொடுத்த பிறகு அது மறுபடி மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடிஸ்டைலர் என்ற ஆத்தரிங் மென்பொருளில் ஒவ்வொரு படத்தின் பண்புகளிலும் வீடியோ வடிவம் என்ற இடத்தில் 'நகல்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டால் தானே ஒருமுறை மாற்றிவிடும், நாம் பட்ட பாடு வீண். மாற்றுகிறதா என்பதை நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். நகல் சில நிமிடத்தில் முடியும், மாற்றம் வெகுநேரம் ஓடும்.

முதலில் அழித்தெழுதும் ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, அத்தை வீட்டு பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள். கணினித் திரையில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

வலங்கைமான்காரன்

ஐயா, அம்மா, கச்சேரி வட்டை எழுதி நேற்று அத்தை வீட்டில் போட்டோம். முகம், வேட்டிக் கரை, பின்னால் இருக்கும் தூணின் சிற்பம் எல்லாம் டேப்பில் பார்த்தது போலவே இருக்கின்றன. ஒலியைக் கேட்டு நான் சற்று நேரம் பேசவில்லை. ஆனால் அசைவு மட்டும் துடிக்கிறது. தவில் கழி இறங்கும்போது முன்னும் பின்னும் நடுங்குகிறது. அசையாத இடத்தில் ஒரு குறையும் இல்லை. என் கணினியில் இந்த நடுக்கம் தெரியவே இல்லை.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

ஃபீல்டு வரிசை. மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். நீங்கள் மேல் ஃபீல்டு முதலில் என்று எழுதிவிட்டீர்கள். இரண்டாவது கணம் முதலிலும் முதல் கணம் இரண்டாவதாகவும் வருவதால் கழி ஓரடி முன்னே போய், ஓரடி பின்னே வருகிறது. டிவிடி இரண்டு வரிசையையும் ஏற்கும். மூலத்திலிருந்து மீண்டும் எம்பெக்-2 எடுக்கும்போது 'கீழ் ஃபீல்டு முதலில்' என்று கொடுங்கள். இப்போது எடுத்த எம்பெக்-2ஐத் திருத்த முயல வேண்டாம், மூலத்துக்கே போங்கள். மல்லாரிக்கு மேல் ஃபீல்டுதான், அதை மாற்றாதீர்கள்.

மன்னார்குடி வாசகி

கல்லணைப் பகுதியையும் கைபேசிக் கோப்பிலிருந்து நேராகவே எடுங்கள். 'நிலையான 25 ஃபிரேம்' என்று கொடுத்தால் ஒலி பின்தங்காது. ஆனால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் உதிர்வதால் கேமரா திரும்பும்போது சற்றுத் தடுக்கும். உங்கள் கைபேசியில் 25 ஃபிரேம் என்ற தேர்வு இருந்தால், முடியுமானால் இன்னொரு முறை போய் எடுத்துவாருங்கள். ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. கேமராவை முக்காலியில் அசையாமல் வையுங்கள். கரையும் பாலமும் நிலையாக நின்றால் அந்த பிட் எல்லாம் தண்ணீருக்குப் போகும்.

வலங்கைமான்காரன்

வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். நடுக்கம் முற்றிலும் போய்விட்டது. அப்பா வாசிப்பதற்கு முன் நாகஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தும் இடம் ஒன்று வருகிறது. பழைய டிவிடியில் அது வெறும் பழுப்புக் கறையாக இருந்தது. இப்போது சீவாளியில் கட்டிய நூல் தெரிகிறது. அத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

என் கைபேசியில் 25 ஃபிரேம் தேர்வு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்லணைக்குப் போகிறேன். இந்த முறை காவிரி மதகு, வெண்ணாற்று மதகு இரண்டையும் முக்காலி வைத்து எடுக்கிறேன். மிக்க நன்றி.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

மகிழ்ச்சி. டேப்பிலிருந்து ஏற்றிய கோப்பு பத்து ஜிபிக்கு மேல் இருக்கும், இடம் போகிறதே என்று அழித்துவிடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் தனித்தனியாக வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். டேப்பைச் சுற்றி முடித்து, உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.