பாங்காக்கிலிருந்து எரவான் அருவி: தனி வேன், கைடு வைத்து ஒரே நாளில் முடியுமா?

கொங்குப்பயணி:
வணக்கம். நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, பையன் 12, பொண்ணு 8, அப்பா 70 (சர்க்கரை உண்டு), அம்மா 66 (முட்டி வலி, ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம்). பாங்காக்கில் நான்கு இரவு தங்கல். அதில் ஒரு நாள் காஞ்சனபுரியிலுள்ள எரவான் தேசியப் பூங்காவுக்குத் தனி வேனில் கைடோடு போய்வர எண்ணம். ஏஜெண்ட் அனுப்பிய திட்டம் இது: காலை 7.30க்கு ஹோட்டலில் ஏற்றிக்கொண்டு, தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை, க்வாய் நதிப் பாலம், மதியச் சாப்பாடு, பிறகு எரவான், இரவு 8க்குத் திரும்ப ஹோட்டல்.

1. இந்த நேரக்கணக்கு சரிப்படுமா?
2. அருவிக்கு ஏழு நிலை என்கிறார்கள். பெரியவர்களால் எதுவரை முடியும்?
3. காலாண்டு லீவில் போகலாமா, அரையாண்டு லீவுக்குத் தள்ளலாமா?
4. நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது.
5. தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா?

---

நீரோட்டம்:
அந்தத் திட்டத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் அருவி பேருக்குத்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஊர் சுமார் 130 கி.மீ. அங்கிருந்து 3199ஆம் எண் சாலையில் எரவான் இன்னும் 65 கி.மீ. நிற்காமல் போனாலே மூன்று, மூன்றேகால் மணி நேரம். சந்தைக்கும் பாலத்துக்கும் நின்றுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனால் வாசலைத் தொடும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். மேல் நிலைகளை மூன்று மணி வாக்கிலேயே காலி செய்யச் சொல்வார்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிலையாக மூடிக்கொண்டே வருவது அங்கே வழக்கம். ஆளுக்கு 300 பாட் நுழைவுக் கட்டணம் கட்டி (வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான விலை, குழந்தைகளுக்குக் குறைவு) இரண்டாம் நிலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறு. காலை 5.30க்கு வேன் கிளம்பட்டும். நம்மூர்க் கடிகாரத்தில் அது விடிகாலை 4 மணி என்பதால், விமானம் இறங்கிய மறுநாள் வைக்காதீர்கள், பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். நக்கோன் பத்தோம் தாண்டி ஏதாவது பெட்ரோல் பங்கில் இருபது நிமிடம் நிறுத்தினால் காபி, கழிவறை எல்லாம் முடியும். 9 மணிக்குப் பூங்கா. மேலே ஏறுகிறவர்கள் எங்கும் குளிக்காமல் நேரே ஏழாம் நிலைக்குப் போங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து மேலே வரை ஏறத்தாழ இரண்டு கி.மீ. பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். குளியலெல்லாம் இறங்கும்போது. முதலில் மூடுவது மேல் நிலை, அதனால் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். தவிர, நனைந்த துணியோடு படி ஏறுவது பெரும்பாடு.

இறங்கும்போது ஐந்தாம் நிலையில் கொஞ்சம், நான்காம் நிலையில் கொஞ்சம், இரண்டாம் நிலையில் ஆசை தீரும்வரை. நான்காம் நிலைப் பாறைகள் கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டு வழவழப்பாக இருக்கும். பிள்ளைகள் சறுக்குமரமாக்கிவிடுவார்கள், ஒரு கண் வையுங்கள். 1.30க்கு வாசலருகே சாப்பாடு, 2.30க்குக் கிளம்பினால் 4 மணிக்குள் பாலம். அரை மணி நேரம் போதும். ஏழரை, எட்டுக்கு ஹோட்டல். ஞாயிறு மாலையென்றால் பாங்காக் நுழைவில் இன்னும் ஒரு மணி நேரம் போகும். செவ்வாய், புதன் பாருங்கள். மிதக்கும் சந்தையை மறந்துவிடுங்கள், அது வேறொரு நாள் வேலை.

குளிக்க லைஃப் ஜாக்கெட் கட்டாயம், 20 பாட் வாடகை. நீச்சல் தெரியும் என்று வாதாடிப் பயனில்லை. கரையோரம் முழங்கால் அளவு இருக்கும் குளம் ஓரிரு எட்டில் ஆள் மட்டத்துக்குப் போய்விடும் என்பதால்தான் அந்தக் கெடுபிடி.

---

மழைமானி:
மூன்றாவது கேள்விக்கு மட்டும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் தாய்லாந்தின் மேற்குப் பக்கத்தில் மழை உச்சம். படத்தில் பார்க்கிற அந்த நீலப்பச்சை நிறம் சுண்ணாம்புக்கல் கரைந்த தெளிந்த நீருக்கு உரியது. கனமழை பெய்தால் செம்மண் கலந்து டீத்தண்ணி ஆகிவிடும், பாதுகாப்புக்காக மேல் நிலைகளை மூடியும் விடுவார்கள். கைடுக்கும் வேனுக்கும் கொடுத்த பணம் அதற்காகத் திரும்பாது. மழையில்லாத வாரமும் அமையலாம், ஆனால் நான்கே இரவு கையில் வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அரையாண்டு லீவுதான் நல்லது. தண்ணீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை மட்டும் தவிருங்கள். தாய்லாந்துக்காரர்களே குடும்பம் குடும்பமாக வரும் நாள்கள். ஏப்ரல், மே என்றால் நீர் மெலிந்து, மேல் நிலைகள் சில நேரம் வெறும் கசிவாக இருக்கும்.

---

திசைகாட்டி:
பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. எரவான் என்பது நம் ஐராவதம். தாய்லாந்தில் அதற்கு மூன்று தலை வைத்து வரைவார்கள். ஏழாம் நிலைப் பாறை அப்படித் தெரிகிறது என்றுதான் அருவிக்கே அந்தப் பெயர். இதே பெயரில் பாங்காக் நடுவில் பிரம்மா சன்னதி இருக்கிறது, சமுத் பிராக்கானில் மூன்று தலை யானை அருங்காட்சியகம் இருக்கிறது. ஏஜெண்டிடம் “நாம்தோக் எரவான், காஞ்சனபுரி” என்று எழுதியே கொடுங்கள். ‘நாம்’ நீர், ‘தோக்’ விழு. நம் நீர்வீழ்ச்சி என்ற சொல்லேதான். அதற்காக ரயில் டிக்கெட்டில் ‘நாம்தோக்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தக் கடைசி ஸ்டேஷன் சாய் யோக் நோய் என்ற வேறொரு அருவியின் பக்கம்.

தமிழ் கைடு பற்றி: தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, உரிமமும் வேண்டும். உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். இங்கிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் உங்களைக் கவனித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே கைடாக வேலை பார்த்தால் சட்டப்படி சிக்கல். ஆங்கிலம் பேசும் உள்ளூர் கைடு போதும். அருவிக்கு விளக்கமா முக்கியம், நேரத்தைப் பார்த்து ஆளை நகர்த்துகிறவர்தான் முக்கியம்.

கொட்டேஷனில் எழுத்தில் வாங்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, பெட்ரோலும் டோலும் சேர்ந்ததா, எத்தனை மணி நேர வாடகை, கூடுதல் மணிக்கு எவ்வளவு. வேன் வாடகையைப் பத்து மணி நேரக் கணக்கில் பேசுவது அங்கே சகஜம். உங்கள் பயணம் பதினான்கு, பதினான்கரை மணி நேரம். கேட்காமல் விட்டால் இரவு ஹோட்டல் வாசலில் ஓவர்டைம் பேச்சு வரும். “கடை நிறுத்தம் இல்லை” என்றும் எழுதி வாங்குங்கள். காஞ்சனபுரி நீலக்கல்லுக்குப் பேர்போன மாவட்டம். நகைக்கடையில் அரை மணி நேரம் நின்றால், அந்த அரை மணி நேரத்தை அருவி நேரத்திலிருந்துதான் பிடிப்பார்கள்.

---

பச்சைமிளகாய்:
சைவச் சாப்பாட்டுக்கு இரண்டு சொல் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ‘மங்சவிரத்’ என்றால் சைவம், முட்டை வரலாம். ‘ஜே’ என்றால் முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம்.

பூங்கா வாசல் கடைகளில் அதை எதிர்பார்க்காதீர்கள். காய்கறி வதக்கல் என்று கேட்டாலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ ஊற்றித்தான் வதக்குவார்கள். “மை சாய் நாம்ப்லா” என்றால் மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். பப்பாளிக்காய் சாலட் பார்க்கச் சைவமாக இருக்கும், உரலில் காய்ந்த இறால் சேர்த்து இடித்திருப்பார்கள். சுலபமான வழி: ஹோட்டல் பக்கத்து இந்தியக் கடையில் முந்தின இரவே சப்பாத்தி, புளிசாதம் வாங்கி வேனில் வைத்துவிடுங்கள். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். வாசலில் வெட்டிய பழமும் வெறும் சோறும் கிடைக்கும்.

ஆனால் அந்தச் சாப்பாட்டை மேலே கொண்டுபோக முடியாது. இரண்டாம் நிலை தாண்டியதும் சோதனைச் சாவடி. தின்பண்டம் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்றுக்கு 20 பாட் டெபாசிட், இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். மேலே கடை கிடையாது, அதனால் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பையில் ஒளித்துக் கொண்டுபோனால் காவலர் விட்டாலும் குரங்கு விடாது. ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள்.

உடை: பெண்கள் லெகிங்ஸ், டி-ஷர்ட் போட்டுக் குளிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புடவை, துப்பட்டா தண்ணீரில் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் வாரில் சிக்கும். ஹவாய் செருப்பு ஏறுவதற்கு உதவாது. பின்வார் உள்ள ரப்பர் சாண்டல், நனையலாம் என்கிற மாதிரி. அங்கே வழுக்குவது சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் பாறையைவிட, ஈரமான மரப்படியும் வேரும்தான்.

---

கொங்குப்பயணி:
அனைவருக்கும் நன்றி. அரையாண்டு லீவுக்கே மாற்றிவிட்டேன், சந்தையும் போச்சு. அப்பா அம்மாவை என்ன செய்வது? கைடு எங்களோடு மேலே வந்தால் அவர்கள் தனியாகிவிடுவார்களே. அப்புறம், மீன் கடிக்கும் என்கிறார்கள், பொண்ணு இப்போதே பயப்படுகிறாள்.

---

நீரோட்டம்:
முதல் இரண்டு நிலைகளுக்குப் பாதை அகலம், ஏற்றம் பெரிதாக இல்லை. வாசலிலிருந்து அருவிப் பக்கம்வரை பேட்டரி வண்டியும் ஓடும். அம்மா இரண்டாம் நிலையோடு நிறுத்திக்கொள்ளட்டும். மூன்றுக்கு மேல் படிகள், ஐந்துக்கு மேல் செங்குத்து. இறங்கும்போது வலிக்கிற முட்டிக்கு அது ஆகவே ஆகாது.

கைடு ஒருவர்தான், குழுவோ இரண்டாகப் பிரியும். இதை முன்பே பேசாமல் போனால் கைடு நடுவில் மாட்டிக்கொள்வார். மேலே போகும் பாதை ஒன்றே ஒன்று, தொலைய வழியில்லை, பலகைகளும் உண்டு. அதனால் கைடு பெரியவர்களோடு கீழே இருக்கட்டும், நீங்கள் நால்வரும் ஏறுங்கள். கைடு வேண்டுமென்று காசு கொடுப்பதே அதற்குத்தான் என்பேன். சந்திக்கும் இடம் இரண்டாம் நிலை, மணி 12 என்று கடிகாரத்தை வைத்துப் பேசுங்கள். மேலே செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

மீன் விஷயம்: கெண்டைக் குடும்பத்து மீன்தான், ‘ப்லா ப்லுவாங்’ என்பார்கள். காலை அசைக்காமல் தொங்கவிட்டால் வந்து செத்த தோலைக் கொத்தும். சின்னது கூசும், முழ நீள மீன் கொத்தினால் சுரீர் என்றிருக்கும். காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் கிட்டே வராது. பொண்ணிடம் அதைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் நிலைக்குப் பெயரே ‘வாங் மச்சா’, மச்சக் குளம். அப்பா காலை நீரில் விடவேண்டாம். சர்க்கரையில் பாதத்து உணர்ச்சி மங்கியிருந்தால் கீறல் விழுந்ததே தெரியாது. பாறையில் வெறுங்காலோடும் நடக்க வேண்டாம்.

---

ஈப்போ வாசகன்:
பாலத்துக்கு அரை மணி நேரம் என்றார்கள். மலேசியத் தமிழர்களுக்கு அந்த ஊர் படம் பிடிக்கிற இடம் மட்டுமல்ல என்பதால் ஒரு சேர்க்கை.

அந்தப் பாலம் சயாம் மரண ரயில் பாதையின் ஒரு பகுதி. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கி.மீ. பாதையை ஜப்பானியர் 1942-43இல் போட்டார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதில் வேலை செய்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் பகுதி. காலரா, மலேரியா, பட்டினி, திரும்பாதவர்கள் பல்லாயிரம். ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், வரிசை பிசகாமல், புல் வெட்டி. தமிழ்ப் பெயர் தேடினால் அங்கே கிடைக்காது. அதிலிருந்து சிறிது தூரத்தில் வாட் தாவோர்ன் வரராம் என்ற கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் புதைத்த இடம் அதன் வளாகத்தில். தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் இப்போது அங்கே நிற்கிறது. வழக்கமான டூர் திட்டத்தில் இது வராது, கைடிடம் கோயில் பெயரை எழுதிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

பாலத்தில் நின்றால் ஒன்று கவனியுங்கள். வளைந்த இரும்பு வில்கள்தான் பழையவை. நடுவில் கோண வடிவில் இருக்கும் இரண்டு பகுதிகள், குண்டுவீச்சில் விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை.

---

திசைகாட்டி:
நடுகல்லும் சேர்ந்தால் நேரம் இறுகும். நான்கு இரவில் ஒன்றைக் காஞ்சனபுரியில் போட முடிந்தால் யோசியுங்கள். பெரியவர்களுக்கு ஒரே நாளில் 400 கி.மீ. உட்கார்ந்து வருவதுதான் படியைவிடக் கஷ்டம். ஊரிலிருந்து அருவிக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். 8170ஆம் எண் பஸ்கூட உண்டு, ஆனால் திரும்பும் கடைசி வண்டி 4 மணிக்கு. ஆறு பேருக்கு அங்கேயே வேன் பிடிப்பது நல்லது.

---

கொங்குப்பயணி:
காஞ்சனபுரியில் ஒரு இரவு என்று முடிவு. வேன் காலை 7.30க்கு ஹோட்டலிலிருந்து, நடுகல் முந்தின நாள் மாலை. ஏஜெண்ட் புதுத் திட்டம் அனுப்பியிருக்கிறார். நடுவில் “யானைக் குளியல், 1 மணி நேரம்” என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது.

---

நீரோட்டம்:
அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.